கண்புரை ஆபரேஷனுக்குப் பின் சொட்டு மருந்து: எத்தனை நாள், எப்படி, எதுவரை?

வாசகர் கேள்வி – கண் மருத்துவர்கள் பதில்

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் போடும் சொட்டு மருந்துகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். இங்கே வரும் எண்ணிக்கைகள் வழக்கமாகத் தரப்படுபவை. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால், உங்கள் கண்ணுக்கு அந்தச் சீட்டில் உள்ளதே சரி.

என் மாமியாருக்கு 68 வயது. வலது கண்ணில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள் ஆகிறது. சிவப்பு இல்லை, வலி இல்லை, நாள்காட்டியில் தேதியைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். "நல்லா ஆயிட்ட கண்ணுக்கு எதுக்கு இன்னும் மருந்து?" என்று மூன்று நாளாகச் சொட்டு போட விடவில்லை. சீட்டில் ஆறு வாரம் என்று இருக்கிறது. விட்டுவிடலாமா?
— வாசகி, தேனி

விடக் கூடாது. இன்றைக்கே மறுபடி ஆரம்பித்துவிடுங்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து மூன்று நாள் விட்டுப்போனதையும் சொல்லுங்கள். "ஒருமுறை வந்து காட்டுங்கள்" என்று அவர்கள் சொன்னால், தள்ளிப்போடாமல் அழைத்துப் போங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கண் ஆறிவிட்டது. புரையை உடைத்து உறிஞ்சும் பேக்கோ முறையில் போடும் கீறல் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. தையல் இல்லாத சிறுகீறல் முறையிலும் 6, 7 மில்லிமீட்டர்தான். இரண்டுமே தாமாக மூடிக்கொள்ளும். ஆனால் சொட்டு மருந்து அந்தக் கீறலுக்காகப் போடுவதல்ல. புரையை உடைத்து உறிஞ்சும்போதும், செயற்கை லென்ஸை உள்ளே வைக்கும்போதும் கண்ணின் உட்பகுதி, முக்கியமாகப் பாப்பாவைச் சுற்றியுள்ள கருந்திரை, அதிர்ச்சிக்கு உள்ளாகிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்கி, புரதமும் வெள்ளை அணுக்களும் கண்ணின் முன்னறைத் திரவத்தில் கலக்கின்றன. இதைத்தான் அழற்சி என்கிறோம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றில் பார்த்தால், கூரை ஓட்டையில் விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல அந்த அணுக்கள் மிதப்பது தெரியும். நோயாளிக்கு வலியாகவோ சிவப்பாகவோ தெரிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

வழக்கமாக எழுதப்படும் ஸ்டீராய்டு சொட்டு, பிரெட்னிசலோன் அசிடேட் 1 சதவீதம். முதல் வாரம் நாளுக்கு 6 முறை, இரண்டாம் வாரம் 5, பிறகு 4, 3, 2, 1 என்று வாரம் ஒன்றாகக் குறைத்து ஆறாவது வாரம் முடிப்பது நம் ஊரில் பரவலாக உள்ள அட்டவணை. நான்கு முறையில் தொடங்கி நான்கு வாரத்தில் முடிப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் படிப்படியாகக் குறைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கி வைக்கிறது. அதற்குக் காரணமான காயம் ஆற வாரங்கள் ஆகும். நடுவில் சட்டென்று நிறுத்தினால், அடங்கியிருந்தது பழையபடி எழும்பும். வெளிச்சம் பார்த்தால் கண் கூசும், கண்ணுக்குள் மந்தமாக ஒரு வலி இருக்கும், கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வளையமாகச் சிவக்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் கருந்திரை லென்ஸோடு ஒட்டிக்கொண்டு பாப்பா கோணலாகிவிடும், கண் அழுத்தமும் ஏறலாம்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை விழித்திரையைப் பற்றியது. அழற்சியின்போது உண்டாகும் ரசாயனங்கள் பின்னால் போய், கூர்மையான பார்வைக்கு உரிய மாக்குலா என்ற இடத்தில் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும். 1953-ல் இர்வின் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விவரித்தார். 1966-ல் காஸ், நார்ட்டன் இருவரும் ரத்தக்குழாய்ப் படம் எடுத்து நீர் எங்கிருந்து கசிகிறது என்று காட்டினார்கள். இன்றும் இதற்கு இர்வின்–காஸ் என்றே பெயர். இது ஆபரேஷன் ஆன மறுநாள் வருவதில்லை. பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறாவது வாரத்துக்குள் தலைகாட்டுகிறது, சிலருக்கு இன்னும் தாமதமாகக்கூட. பத்தாம் நாள் பளிச்சென்று தெரிந்த கண், ஒரு மாதம் கழித்து எழுத்துகளின் நடுவில் மங்கலாகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உங்கள் மாமியாருக்கு அந்தக் காலகட்டம் இனிமேல்தான் வரப்போகிறது.

அவரிடம் வாதாடுவதைவிட வேலையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். நாள்காட்டியைப் படிக்கிறார் என்கிறீர்களே, ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு எத்தனை சொட்டோ அத்தனை சின்ன வட்டம் போட்டு வையுங்கள். போட்டவுடன் அவரே பென்சிலால் அடித்துவிடட்டும். வட்டம் வாராவாரம் குறைந்துகொண்டே வருவது கண்ணில் படும்போது பெரியவர்களுக்கு மருந்தின் மேல் உள்ள சலிப்பு குறையும்.

அப்பாவுக்குச் சர்க்கரை 15 வருடமாக இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் மூன்று சொட்டு எழுதியிருக்கிறார்கள்: மாக்ஸிஃப்ளாக்சசின், நெபாஃபெனாக், பிரெட்னிசலோன். கடைசி இரண்டுமே வீக்கத்துக்குத்தான் என்கிறார் மருந்துக்கடைக்காரர். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு? எதை முதலில் போடுவது?
— வாசகர், கும்பகோணம்

ஒரே வேலைதான், ஆனால் அடைக்கிற இடம் வேறு. காயம்பட்ட செல்லின் சவ்விலிருந்து முதலில் அராக்கிடோனிக் அமிலம் வெளிவருகிறது. அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் உண்டாகி ரத்தக்குழாய்களைக் கசியவைக்கிறது. ஸ்டீராய்டு மேல்மட்டத்தில், அமிலம் வெளிவருவதையே குறைக்கிறது. நெபாஃபெனாக், கீட்டோரோலாக், புரோம்ஃபெனாக் போன்ற ஸ்டீராய்டு அல்லாத சொட்டுகள் அடுத்த படியில், புரோஸ்டாகிளாண்டின் உண்டாகும் இடத்தில் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மாக்குலாவில் நீர் கோப்பது குறைகிறது. சர்க்கரை இல்லாதவர்களிடம் ஐரோப்பாவில் நடந்து 2018-ல் வெளியான பிரீமெட் என்ற ஆய்வில், புரோம்ஃபெனாக்கும் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டவர்கள், ஒன்றை மட்டும் போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். சர்க்கரை உள்ளவர்களின் விழித்திரை ரத்தக்குழாய்கள் முன்பே பலவீனமாக இருப்பதால் அவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அவர்களுக்கு நெபாஃபெனாக்கை 60 நாள் வரை போட ஐரோப்பிய மருந்து விதிகளே இடம் கொடுக்கின்றன. எனவே அப்பாவுக்கு எழுதியிருப்பதில் மிகை ஒன்றும் இல்லை.

மூன்றையும் நிறுத்தும் விதம் மட்டும் வெவ்வேறு. இதில்தான் நிறைய வீடுகளில் குழப்பம் நடக்கிறது. மாக்ஸிஃப்ளாக்சசின் கிருமிக்கான மருந்து. நாளுக்கு நான்கு முறை, ஒன்று அல்லது இரண்டு வாரம் போட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்த வேண்டும். அதைக் குறைத்துக் குறைத்துப் போடுவது தவறு. அரைகுறை அளவு, கிருமிகள் மருந்துக்குப் பழகிக்கொள்ளத்தான் உதவும். நெபாஃபெனாக் 0.1 சதவீதம் என்றால் நாளுக்கு மூன்று முறை, 0.3 சதவீதம் என்றால் ஒரே முறை. சொன்ன நாள் வரை அதே அளவில் போட்டு நிறுத்தலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டியது ஸ்டீராய்டு மட்டுமே.

வரிசை: தண்ணீர்போல் தெளிவான மருந்து முதலில், கலக்கிப் போடும் பால்போன்ற மருந்து அடுத்து, களிம்பு இருந்தால் கடைசியில். அப்பாவுக்கு மாக்ஸிஃப்ளாக்சசின், பிறகு மற்ற இரண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். கீழ் இமைக்குள் இருக்கும் பையில் ஒரு சொட்டுக்குத்தான் இடம். உடனே அடுத்ததைப் போட்டால் முதல் மருந்து கன்னத்தில் வழிந்து போய்விடும்.

இன்னொன்று: சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். "ஆபரேஷன் ஆன உடம்பு" என்று மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழமும் ஹார்லிக்ஸும் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. விழித்திரைக்கு அது நேர் எதிரி.

நான் தனியாக இருக்கிறேன், 72 வயது. கை நடுங்குகிறது. சொட்டு இமையில் விழுகிறது, கன்னத்தில் விழுகிறது, கண்ணில் மட்டும் விழ மாட்டேன் என்கிறது. சந்தேகத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விடுகிறேன். பாட்டில் பதினைந்து நாளிலேயே காலி. விலையும் கையைக் கடிக்கிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

அம்மா, உங்கள் கடிதத்துக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்து வேலை செய்யாததற்கு நாங்கள் பார்க்கும் காரணங்களில் பாதி இங்கேதான்.

முதலில் பாட்டிலைப் பாருங்கள். நம் நாட்டில் வரும் பல சொட்டு மருந்துகளின் முனையில் ஓட்டை இருக்காது. மூடிக்குள் ஒரு சிறு முள் இருக்கும். மூடியை வலப்பக்கமாகக் கடைசிவரை இறுக்கித் திருகினால் அந்த முள் முனையைத் துளைக்கும். பிறகு திறந்தால் சரியான அளவில் சொட்டு வரும். இது தெரியாமல் ஊக்கு, தையல் ஊசி, சில சமயம் கத்தி நுனிகூட வைத்துத் துளைக்கிறார்கள். அந்த ஊசியின் கிருமி மருந்துக்குள் போகிறது. ஓட்டையும் பெரிதாகி ஒவ்வொரு சொட்டும் இரட்டைச் சொட்டாக விழுகிறது. பதினைந்து நாளில் பாட்டில் காலியாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் எப்படித் திறந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, பிரெட்னிசலோன் அசிடேட் தண்ணீரில் கரையாது. மருந்துத் துகள் அடியில் படியும், மேலே தெளிவான நீர் நிற்கும். கலக்காமல் விட்டால் முதல் இரண்டு வாரம் உங்கள் கண்ணில் விழுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அழற்சி அதிகமாக இருக்கும் நாட்களில் மருந்தே போகாது, குறைக்க வேண்டிய நாட்களில் அடியில் கிடந்த திப்பி கூடுதலாகப் போகும். ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் கவிழ்த்து நிமிர்த்தி இருபது முறை நன்றாகக் குலுக்குங்கள், அடியில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நெபாஃபெனாக்கும், லோடிபிரெட்னால் என்ற ஸ்டீராய்டும்கூடக் குலுக்கிப் போடும் வகைதான். டிஃப்ளூபிரெட்னேட் என்ற ஸ்டீராய்டு மட்டும் விதிவிலக்கு. அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் குலுக்கத் தேவையில்லை. போட்டபின் இமை மயிரில் வெள்ளைத் தூள் காய்ந்து நிற்பது சீழ் அல்ல, இந்த மருந்துத் துகள்தான். கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், மூக்கின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்து, பஞ்சை எறிந்துவிடுங்கள்.

இனி போடும் விதம். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போதும் உட்காரும்போதும் ஆடுகிற கை, படுத்து நெற்றியில் ஊன்றினால் ஆடாது. இடதுகை ஆட்காட்டி விரலால் கீழ் இமையைக் கன்ன எலும்பின் மேல் வைத்துக் கீழே இழுங்கள். விழியின் மேல் அழுத்தம் படக் கூடாது, மேல் இமையைத் தொடவே வேண்டாம். பாட்டில் பிடித்த கையின் அடிப்பகுதி நெற்றியில் ஊன்றி இருக்கட்டும். மேலே மின்விசிறியைப் பாருங்கள், இழுத்த இமைக்குள் தெரியும் சிவந்த பையில் ஒரு சொட்டு விடுங்கள். முனை இமை மயிரைக்கூடத் தொடக் கூடாது. தொட்டால் கிருமி பாட்டிலுக்குள் ஏறி, அன்று முதல் ஒவ்வொரு சொட்டோடும் கண்ணுக்குள் போகும்.

கண்ணை மெதுவாக மூடிக்கொள்ளுங்கள். இறுக்கிச் சிமிட்ட வேண்டாம், அது மருந்தைப் பிதுக்கி வெளியேற்றிவிடும். மூக்கை ஒட்டிய கண் மூலையில் விரல் நுனியால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் வடியும் துவாரங்கள் இருக்கின்றன. அவற்றை அடைத்தால் மருந்து கண்ணில் தங்கும், தொண்டையில் கசப்பும் இறங்காது.

இதுவும் வரவில்லையா? படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு, மூக்கின் பக்க மூலையில் உள்ள பள்ளத்தில் ஒரு சொட்டை விட்டுவிட்டு, தலையை அசைக்காமல் மெதுவாகக் கண்ணைத் திறவுங்கள். மருந்து தானாக உள்ளே வழியும். அதற்கு மூடிய இமை முதலில் துடைத்துச் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது மூன்றாவது சொட்டால் பயனே இல்லை. ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் பை அதிகபட்சம் 30 சொச்சம்தான் தாங்கும். முதல் சொட்டு கண்ணில் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தால் மட்டும் இன்னொன்று விடுங்கள். குளிர்ச்சியாக விழுந்தது தெரிந்தால் போதும். சிலருக்கு மருந்தை அரை மணி குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் அந்தக் குளிர்ச்சி நன்றாகத் தெரியும்.

செலவுக் கணக்கு: 6-5-4-3-2-1 அட்டவணைக்கு ஆறு வாரத்தில் மொத்தம் 147 சொட்டு. 5 மில்லி பாட்டிலில் சொட்டின் பருமனைப் பொறுத்து 100 முதல் 150 வரை வரும். சிந்தாமல் போட்டாலும் இரண்டாவது பாட்டில் தேவைப்படலாம். திறந்து ஒரு மாதமான மருந்தை எப்படியும் தூக்கிப் போடத்தான் வேண்டும். ஆகவே மூன்று நான்கு பாட்டில் வாங்க நேர்ந்தால்தான் ஏதோ தவறு நடக்கிறது. திறந்த தேதியைப் பாட்டில் மேல் எழுதி வையுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா? தூக்கத்தில் எழுந்து போட வேண்டுமா?
— வாசகர், ஆம்பூர்

இரண்டாகப் போட வேண்டாம். ஞாபகம் வந்தவுடன் ஒன்று போட்டுவிட்டு அடுத்ததை அதன் நேரத்தில் போடுங்கள். தூக்கத்தில் எழ வேண்டாம். ஆறு முறை என்றால் விழித்திருக்கும் நேரத்தில் ஆறு முறை. காலை 7, 10, பிற்பகல் 1, 4, இரவு 7, 10 என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

எனக்கு ஏற்கெனவே கண் அழுத்த நோய்க்கு இரவில் சொட்டு போடுகிறேன். ஸ்டீராய்டு சொட்டு அழுத்தத்தை ஏற்றும் என்கிறார்கள். போடவே பயமாக இருக்கிறது.
— வாசகர், திருநெல்வேலி

ஏற்றும், எல்லாருக்கும் அல்ல. 1960-களில் ஆர்மலி, பெக்கர் ஆகியோர் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின்படி, சில வாரங்கள் ஸ்டீராய்டு சொட்டு போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அழுத்தம் மிதமாக ஏறியது, நூற்றில் ஐந்து பேர் அளவில் கணிசமாக ஏறியது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள், அவர்களின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும், அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள் ஆகியோரிடம் இது கூடுதல். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு மேல்தான் ஏறும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஏறும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் சிக்கல். கருவியில் அளந்தால் மட்டுமே தெரியும்.

அதனால் பயந்து நிறுத்துவது வழியல்ல. குறித்த தேதிக்குப் போய் அழுத்தத்தை அளந்துகொள்வதுதான் வழி. "நல்லாத்தான் தெரியுது" என்று ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து வரச் சொன்ன தேதிகளைத் தவறவிடாதீர்கள். அழுத்தம் ஏறியிருந்தால் லோடிபிரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன் போன்ற குறைவாக ஏற்றும் ஸ்டீராய்டுக்கோ, ஸ்டீராய்டு அல்லாத சொட்டுக்கோ மாற்றுவார்கள். இரவில் போடும் பழைய மருந்து லட்டனோபிராஸ்ட் வகையா என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அது ரத்தக்குழாய்களைக் கசியவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் இனத்தைச் சேர்ந்தது என்பதால் சிலருக்குத் தற்காலிகமாக மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

உங்களைப் போன்றவர்களுக்கும், மற்றவர்களுக்கும் சேர்த்து: ஆஸ்துமா இருந்தால் அதை அழுத்தமாகச் சொல்லுங்கள். அழுத்தத்தைக் குறைக்கத் தரும் டிமோலால் சொட்டு மூச்சிரைப்பைக் கிளப்பக் கூடியது. ஆஸ்பிரின் போட்டால் இழுப்பு வருபவர்கள் கீட்டோரோலாக், நெபாஃபெனாக் வகைச் சொட்டுகளைப் பற்றியும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் ஆகி நான்காம் நாள் கண் சிவந்தது. சொட்டைக் கூடுதலாகப் போட்டால் அடங்குமா என்று பார்க்கலாமா?
— வாசகி, ஈரோடு

பார்க்கக் கூடாது. நீங்கள் எழுதியிருப்பதில் சிவப்பு மட்டும்தான் இருக்கிறது, வலியும் பார்வைக் குறைவும் பற்றி இல்லை. லேசான சிவப்போடு பார்வை நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் பயமில்லை. வெண்படலத்தில் ரத்தத் திட்டு ஒன்று இருப்பதும் தானே கரைந்துவிடும். ஆனால் வலி கூடுகிறது, நேற்றைவிட இன்று பார்வை மங்குகிறது, இமை வீங்குகிறது, பாப்பாவின் கீழே வெள்ளைக் கோடு தெரிகிறது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள்தான் வரும். அதற்குச் சொட்டு போதாது, கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் பார்வை போகும். ஞாயிற்றுக்கிழமை ஆனாலும், தீபாவளி ஆனாலும், அன்றே போக வேண்டும்.

இது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் செலுத்தும் முறைக்கு மாறியபின், அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை வைத்து வெளியிட்ட ஆய்வில் இந்தத் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. அந்த 0.02-ல் ஒருவராக இருந்துவிட்டால் காப்பாற்றுவது நேரம் மட்டும்தான்.

கடையில் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கொடுத்ததை அம்மாவுக்கு ஒரு மாதமாகப் போடுகிறோம். வீட்டுக்கு வந்த உறவினர் பார்த்துவிட்டு இதில் இரண்டு மருந்து கலந்திருக்கிறது என்கிறார்.
— வாசகர், விழுப்புரம்

கம்பெனி மாறுவதில் தவறில்லை, பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் சதவீதமும் மாறக் கூடாது. முதல் வாரத்துக்கு மாக்ஸிஃப்ளாக்சசினும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டைக் கொடுத்து, பிறகு தனி ஸ்டீராய்டுக்கு மாற்றுவது வழக்கம். பழைய பாட்டிலைக் கடையில் காட்டி "இதே கொடுங்க" என்று வாங்கினால், வேண்டாத ஆன்டிபயாடிக் ஆறு வாரம் ஓடும். கடைக்குப் பாட்டிலைக் கொண்டு போகாதீர்கள், சீட்டைக் கொண்டு போங்கள். அம்மாவின் சீட்டையும் பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கலவைதான் என்றால் நாளையே மருத்துவமனையில் கேட்டு மாற்றுங்கள். அதுவரை நிறுத்த வேண்டாம்.

பாட்டில்கள் ஒரே உயரம், ஒரே வெள்ளை. மூடியின் நிறத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டீராய்டு பாட்டிலுக்கு மட்டும் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டால் கண் மங்கலானவர்களும் தடவிப் பார்த்தே அறிவார்கள். காதுக்கான சொட்டு, ஃபெவிகுவிக் இரண்டையும் அந்த அலமாரியிலேயே வைக்காதீர்கள். இரண்டையும் கண்ணில் விட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

நெபாஃபெனாக் போட்டால் எரிகிறது. மூட்டுவாதத்துக்கு வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறேன். தொடரலாமா?
— வாசகி, காரைக்குடி

போட்டவுடன் அரை நிமிடம் எரிந்து அடங்கினால் அது சகஜம். உங்களுக்கு இருப்பது ருமட்டாய்டு மூட்டுவாதம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நோயில் கண்ணீர் வறண்டு கருவிழியின் மேல்தோல் மெலிந்திருக்கலாம். ஸ்டீராய்டு அல்லாத சொட்டுகள் அப்படிப்பட்ட கண்ணில் அரிதாகக் கருவிழியையே கரைத்துவிடுவதுண்டு. 1999-ல் அமெரிக்காவில் ஒரு டைக்ளோஃபெனாக் சொட்டு இந்தக் காரணத்தால்தான் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எரிச்சல் அடங்காமல் நாள் முழுக்க நீடித்தால், மணல் விழுந்ததுபோல் உறுத்தல் கூடிக்கொண்டே போனால், அந்தச் சொட்டை மட்டும் நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். ஸ்டீராய்டைத் தொடர வேண்டுமா என்பதை அங்கே சொல்வார்கள். மூட்டுவாதம் இருப்பதை ஆபரேஷனுக்கு முன் சொல்லவில்லை என்றால் இப்போது சொல்லுங்கள்.

புளி, கத்தரிக்காய், கருவாடு சேர்க்கலாமா? தலைக்கு எப்போது ஊற்றலாம்? பாட்டி நந்தியாவட்டைப் பூச் சாறு விடச் சொல்கிறார்.
— வாசகி, மன்னார்குடி

சாப்பாட்டில் எந்தத் தடையும் இல்லை, சர்க்கரைக்காரர்களுக்கு அவர்களின் வழக்கமான கட்டுப்பாடு மட்டும். தலைக்கு ஊற்றுவதை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். எண்ணெய்க் குளியலை ஒரு மாதம். கண்ணுக்குள் நந்தியாவட்டை, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர் எதுவும் கூடாது. கிருமி நீக்காத எதுவும் புதிதாக ஆறும் கீறலின் மேல் படக் கூடாது. பூவைச் சாமிக்கு வைக்கச் சொல்லுங்கள், பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அம்மாவுக்குப் போட்டு மீந்த சொட்டு பாதி பாட்டில் இருந்தது. நெல் அடிக்கும்போது என் கணவர் கண்ணில் சுணை பட்டுச் சிவந்ததும் அதை விட்டோம். முதல் நாள் நன்றாக இருந்தது. இப்போது வலி அதிகமாகி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது.
— வாசகி, திருவாரூர் மாவட்டம்

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். அவரை உடனே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

நெல், கரும்புத் தோகை, சோளத்தட்டை, மாட்டு வால் இவை கண்ணில் அடித்து வரும் புண்ணில் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம். மதுரையில் நடந்து 1997-ல் வெளியான ஆய்வில், கருவிழிப் புண்ணுக்குக் காரணமான கிருமிகளில் பூஞ்சை, பாக்டீரியாவுக்குச் சமமாகவே இருந்தது. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் உடம்பின் எதிர்ப்பு அடங்கிவிடும். அதனால் முதல் நாள் சிவப்பும் வலியும் குறையும், குணமாகிவிட்டது போலவே இருக்கும். அந்த நிம்மதியில் பூஞ்சை கருவிழியின் ஆழத்துக்கு இறங்கிவிடும். அக்கி வகை வைரஸ் புண்ணிலும் இதே கதைதான். கருவிழி மாற்று ஆபரேஷன் வரை போகும் கண்களில் இப்படிக் கடையிலிருந்தோ அலமாரியிலிருந்தோ வந்த ஸ்டீராய்டு சொட்டுக்குப் பங்கு உண்டு. ஆபரேஷன் ஆன கண்ணில் மருந்தாக இருப்பது, அடிபட்ட கண்ணில் விஷம். "மெட்ராஸ் ஐ" வந்த குழந்தைக்கும் இதை விடக் கூடாது.

போன வருடம் ஆபரேஷன் ஆன கண் இப்போது மறுபடி பனிபோல் மங்குகிறது. வலி இல்லை. பழைய சொட்டைக் கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கட்டுமா?
— வாசகர், சேலம்

சொட்டுக்கு இங்கே வேலை இல்லை. லென்ஸைத் தாங்கும் பின்சவ்வில் படலம் படிந்திருக்கலாம். மாதங்கள், வருடங்கள் கழித்து வருவது இதன் இயல்பு. யாக் லேசரால் சில நிமிடத்தில் அதில் ஒரு சன்னல் திறந்துவிடுவார்கள். கத்தி, தையல், படுக்கை எதுவும் இல்லை. ஆனால் விழித்திரைக் கோளாறாலும் இப்படி மங்கலாம் என்பதால், பாப்பாவை விரித்துப் பார்த்தபின்தான் எதுவும் சொல்ல முடியும். லேசருக்குப் பிறகு சில நாளுக்கு ஒரு சொட்டு எழுதுவார்கள், அது புதிதாக வாங்க வேண்டியது.

அடுத்த மாதம் இடது கண்ணுக்கு ஆபரேஷன். வலது கண்ணுக்கு வாங்கியதில் இன்னும் கால் பாட்டில் இருக்கிறது. அதையே போடலாமா? வெயில் காலத்தில் எங்கே வைப்பது?
— வாசகர், வேலூர்

புதுக் கீறலுக்குப் புது பாட்டில். வலது கண்ணுக்கு இன்னும் அட்டவணை முடியவில்லை என்றால் இரண்டு பாட்டிலிலும் "வ", "இ" என்று பெரிதாக எழுதி, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். எண்ணிக்கையும் வேறாக இருக்கும் என்பதால் இரண்டு தாளில் எழுதி வைத்தால் குழப்பம் வராது. பெரும்பாலான சொட்டுகளை 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லி அட்டையில் போட்டிருப்பார்கள், வேலூர் மே மாதத்தில் அது வீட்டுக்குள் கிடைக்காது. ஒரு மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நிமிர்த்தி வையுங்கள், ஐஸ் பெட்டியில் கூடாது. உறைந்து உருகிய மருந்தைக் குலுக்கினாலும் துகள் சரியாகக் கலக்காது. பேருந்துப் பயணத்தில் சட்டைப்பையில் வைக்காமல் தண்ணீர் பாட்டிலை ஒட்டிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மீந்த கால் பாட்டிலைக் கழிப்பறையில் ஊற்றாமல், மூடியோடு காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.